கண்ணாடி வீட்டுக் கோலம்

எங்கள் அக்கா வீட்டுக்காரரிடம் ஒரு காரியத்துக்குக் காரணம் கேட்டு, பதிலோடு திரும்பியவர் என்று ஊரில் ஒருவரைக் காட்டுங்கள், நான் என் பேரையே மாற்றி வைத்துக்கொள்கிறேன். ஏன் என்று கேட்டால் “இருக்கட்டும்” என்பார். விடாமல் கேட்டால் “செய்யி, அப்பால தெரியும்” என்பார். அதற்கு மேலும் கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். கோபமெல்லாம் கிடையாது. அவரைப் பொறுத்தவரை பேச்சு முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். கும்மிடிப்பூண்டி ரயிலடிக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்தது அவர் ஊர். அக்காவைக் கொடுத்த ஊரிலேயே என்னையும் கொடுத்தார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். அதனால் அந்த மனிதரை நான் பார்த்த அளவுக்கு அவரைப் பெற்றவர்கள்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்தேனே தவிர, புரிந்துகொண்டேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.

அவர் குணம் எங்களுக்கு முதன்முதலில் தெரிந்தது அக்கா கல்யாணத்தில். கல்யாணம் திருவள்ளூர் பக்கம் எங்கள் ஊரில். ஐப்பசி முகூர்த்தம், நல்ல மழை. பெண்ணை அழைத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போக அப்பா தனியாக ஒரு பஸ் பேசி வைத்திருந்தார். சீர்வரிசைப் பாத்திரம் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. மாப்பிள்ளை பஸ்ஸைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், “பஸ் வாணாம். ரயில்ல போலாம்” என்றார். அப்பாவுக்கு மூச்சே நின்றுவிட்டது. பெரியவர்கள் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தார்கள். வாயைத் திறக்கவில்லை. அண்டா, குத்துவிளக்கு, பாய் தலையணை எல்லாவற்றையும் இறக்கி, பட்டுப்புடவையோடு திருவள்ளூர் ஸ்டேஷனுக்கு நடந்து, பேசின் பிரிட்ஜில் இறங்கி வண்டி மாறி, கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்ந்தபோது அக்கா முகத்தில் மை எது கண்ணீர் எது என்று தெரியவில்லை. எங்கள் பக்கத்து ஜனம் முழுக்க, பெண்ணைக் கிறுக்கனுக்குக் கொடுத்துவிட்டோம் என்று முடிவே கட்டிவிட்டது.

மறுநாள்தான் சேதி வந்தது. பெரியபாளையம் தாண்டி ஆரணி ஆற்றில் தரைப்பாலம் மூழ்கி, அந்த வழியாக வந்த பஸ் ஒன்று நடுவில் மாட்டிக்கொண்டு, ஜனங்கள் பஸ் கூரைமேல் உட்கார்ந்திருந்தார்களாம். மாப்பிள்ளைக்குக் காலையிலேயே டீக்கடையில் ஒரு லாரிக்காரன் சொல்லியிருக்கிறான். அப்பா ஓடிப்போய்க் கேட்டார், “ஏன் மாப்ள, ஆத்துல தண்ணி வருதுன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? உங்கள எவ்ளோ பேர் திட்னாங்க தெரியுமா?”

“அதான் ரயில்ல வந்துட்டமே” என்றார் அவர்.

இதைக் கேட்டுவிட்டு, ஆகா எப்பேர்ப்பட்ட மனிதர் என்று நீங்கள் உருகிவிட வேண்டாம். என் வீட்டுக்காரர் ஆசை ஆசையாக ரேடியோ வாங்கக் கிளம்பிய அன்று, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மாமா “இன்னிக்கு வாங்காத” என்றார். என் வீட்டுக்காரரும் வாங்கவில்லை. அடுத்த மாதம் போனால் அந்தக் கடையில் அந்த ரேடியோ இல்லை. எதற்காக வேண்டாம் என்றார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அவருக்கே தெரியுமா என்பதும் எனக்குச் சந்தேகம்தான். காரணம் சொல்லாத மனிதரிடம் இது ஒரு பேஜாரு. அவர் சரியாகச் செய்தாரா தப்பாகச் செய்தாரா என்று சண்டைகூடப் போட முடியாது. “வாயில இன்னா கொழுக்கட்டயா வெச்சுக்கினு கீறீங்க?” என்று நான் நேராகவே கேட்டிருக்கிறேன். சிரிப்பார். சிரித்தால் மட்டும் அழகாக இருப்பார்.

எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் அவருக்குப் பாய்லர் வேலை. நெருப்பையும் தண்ணீரையும் நீராவியையும் பார்த்துக்கொண்டே நிற்கிற வேலை. அங்கே பேச்சுக்கு இடமில்லை, பேசினாலும் சத்தத்தில் கேட்காது. பாதி நாள் இராத்திரி ஷிப்ட். சாயங்கால வண்டியில் போனால் காலை நாஷ்டா வேளைக்குத்தான் திரும்புவார்.

ஒரு மார்கழியில் அப்படித் திரும்பி வந்தவர் டிபன் கேரியரை அக்காவிடம் கொடுத்தார். கழுவப் போட எடுத்தவள் மேல் அடுக்கைத் திறந்துவிட்டு ஒரு கூச்சல் போட்டாள் பாருங்கள், நான் வேலியைத் தாண்டி ஓடினேன். உள்ளே மல்லிகைப்பூ. குண்டு குண்டாக, சித்திரை மாதத்துப் பூ மாதிரி. மார்கழியில் மல்லி கண்ணில் படுமா? குளிர் வந்தால் செடி முடங்கிவிடும். பட்டணத்தில் பணக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கே தையில் பூ கிடைக்காமல் அலைவார்கள்.

“யார் ஊட்ல திருடினது?” என்றாள் அக்கா.

“வெச்சுக்கோ” என்றார்.

பாய்லர் வீட்டுப் பின்சுவரை ஒட்டி யாரோ எப்போதோ ஊன்றிய மல்லிச் செடி ஒன்று இருந்ததாம். பகலும் இரவும் சுவர் கதகதவென்று இருப்பதால் அதற்கு மார்கழி வந்ததே தெரியவில்லை. அது பாட்டுக்குப் பூத்திருக்கிறது. அவரோடு வேலை செய்தவர் ஒருவர் பிற்பாடு வீட்டுக்கு வந்தபோது சொல்லித்தான் எங்களுக்கு இந்த விஷயமே தெரியும். இவர் அந்தப் பூவைப் பார்த்துவிட்டு ஒரு வருடம் யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறார், யாரிடமும் மூச்சு விடாமல்.

அப்போதுதான் எங்கள் பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்திருந்தன. எழுபதுகளின் தொடக்கம். நெல் விளைந்த நிலத்தில் முள்கம்பி போட்டு, கூர்க்காவை நிறுத்தினார்கள். மாமாவின் நிலத்துக்கும் ஆள் வந்தது. அவர் அப்பா காலத்திலிருந்து மல்லித் தோட்டம் அது. சுற்றிலும் பங்காளிகள் நிலம். அவருடைய சித்தப்பாதான் எல்லாருக்கும் பெரியவர், அவர் விற்றுவிடலாம் என்று தீர்மானமாக இருந்தார். கம்பெனிக்காரன் மொத்தமாகக் கொடுத்தால்தான் வாங்குவேன் என்றுவிட்டான்.

சித்தப்பாவைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து தன்மையாகத்தான் பேசினார். “நைனா, உனக்குக் கெட்டது நெனப்பனா நானு? நெல்லு போட்டு இன்னாத்தக் கண்டோம்? நடுவுல உன் நெலம் மட்டும் நீட்டிக்கினு இருந்தா அவன் வேற ஊர் பாத்துக்கினு போய்டுவான். அத்தினி குடும்பம் உன் மூஞ்சியப் பாத்துக்கினு கீது.”

மாமா, “வர்ற தை வரைக்கும் பாக்கலாம் சித்தப்பா” என்றார்.

“தையில இன்னா?”

“மல்லி பூக்கும்.”

“தையிலயா? மல்லியா?” சித்தப்பா அக்காவைத் திரும்பிப் பார்த்தார். “ஏம்மா, இவனுக்கு ஒடம்பு ஏதாவது?” அப்புறம் சிரித்தார். “சரிடா. தையில உன் நெலத்துல மல்லி பூத்து, பட்டணத்துக்கு ஒரு கூடப் பூ ரயிலேறட்டும். நானே கம்பெனிக்காரனத் திருப்பி அனுப்பிட்றேன். பூக்கலன்னா கையெழுத்துப் போட்றணும். அப்பால பேச்சு மாறக்கூடாது.”

“சரி” என்றார் மாமா. தோட்டம் நிற்பதும் போவதும் அந்த ஒரு சரியில் தொங்கிற்று.

அந்தச் சித்திரையிலேயே வேலை ஆரம்பித்தது. முதலில் ஒரு மூங்கில் கொம்பை நட்டு, அதன் நிழல் விழுகிற இடத்தில் செங்கல் செங்கலாக வைத்துக்கொண்டு போனார். ஊர் வேடிக்கை பார்த்தது. பிறகு வடக்குப் பக்கம் மட்டும் ஆளுயரத்துக்குமேல் செங்கல் சுவர். மற்ற பக்கத்துக்குச் சவுக்குக் கம்பமும் இரும்புச் சட்டமும். பட்டணத்தில் ஏதோ பழைய ஆபீஸ் கட்டடத்தை இடித்திருக்கிறார்கள். அங்கிருந்து லாரி நிறைய ஜன்னல் கதவுகள் வந்து இறங்கின. ஒன்று போல ஒன்று இல்லை. சிலதில் பச்சைக் கண்ணாடி, சிலதில் பூப்போட்ட கண்ணாடி, ஒன்றில் யாரோ அதிகாரி பேர் பாதி அழிந்து நின்றது. அவற்றையெல்லாம் கூட்டிச் சேர்த்து, இருந்த மல்லிச் செடிகளுக்கு மேலேயே தெற்கு நோக்கிச் சரிகிற கூரையோடு ஒரு வீடு எழுப்பினார். தச்சு வேலைக்கு வந்த ஆசாரி என்னிடம் வந்து அழாத குறை. “அம்மா, ஊட்ல இருக்கறவங்க யாராவது சொல்லக்கூடாதா? எதுக்குக் கட்றோம்னு தெரிஞ்சாதானே ஒயுங்கா கட்ட முடியும்?”

“எங்களுக்குத் தெரிஞ்சா சொல்ல மாட்டமா?” என்றேன்.

டீக்கடையில் கேட்கவே வேண்டாம். “நம்மூரு வெயிலு பத்தலன்னு கண்ணாடி போட்டு வேற காயப் போறாரு” என்றார்கள். அதற்குமேல் எண்ணெய் டிரம்களுக்குத் தார் பூசிக் கறுப்பாக்கி, வடக்குச் சுவரை ஒட்டி வரிசையாக நிறுத்தி, தண்ணீர் நிரப்பினார். குடிக்கவும் இல்லை, குளிக்கவும் இல்லை. என்னத்துக்கு என்று கேட்டதற்கு, வழக்கம்போல “இருக்கட்டும்”.

அது என்ன ஏற்பாடு என்று பிற்பாடு நானே கூட்டிக் கழித்துப் புரிந்துகொண்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். மார்கழி வெயில் தெற்கே சாய்ந்து வரும், அதைக் கண்ணாடி உள்ளே விடும். கறுப்பு டிரம் பகலெல்லாம் அந்தச் சூட்டைக் குடித்து வைத்துக்கொள்ளும். வடக்கே இருந்து வருகிற வாடைக் காற்றைச் சுவர் தடுக்கும். இராத்திரி கதவை மூடி வைத்தால் டிரம் தன் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செடிக்கு விட்டுக்கொடுக்கும். பாய்லர்காரர் நெருப்பில்லாமல் ஒரு பாய்லர் கட்டியிருக்கிறார். வெயில் காலத்தில் அத்தனை ஜன்னலையும் திறந்துவிட்டால் அது வெறும் பந்தல். மூடிய கதவு ஒன்றுதான் அதற்கு உயிர். விடியற்காலைக் குளிர் உள்ளே புகுந்தால் எல்லாம் வீண். இதை அவர் எங்களிடம் சொல்லியிருந்தால், இரண்டு நிமிடம் ஆகியிருக்குமா?

இடித்த கட்டடத்திலிருந்து வந்தவற்றில் இரண்டு நல்ல தேக்கு நிலைகளும் இருந்தன, கதவும் வாசற்படியுமாக. கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என்று ஆசாரி அவற்றை நிறுத்திவிட்டார். வாசற்படியைப் பார்த்ததும் அக்காவுக்கு அது வீடாகிவிட்டது. பால் காய்ச்சாமல் எப்படி விடுவது என்றாள். மாமா தடுக்கவில்லை. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, செடிகளுக்கு நடுவே மூன்று கல் வைத்துப் பால் பொங்க விட்டோம். பொங்கிய பாலை அக்கா முதல் செடிக்கு ஒரு கரண்டி ஊற்றினாள். கண்ணாடி வழியாக வெயில் இறங்கி அவள் முகத்தில் பச்சையும் மஞ்சளுமாக விழுந்தது. மாமா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனிதர் சந்தோஷத்துக்கும் காரணம் சொல்ல மாட்டார், ஆனால் அன்றைக்கு யாரும் கேட்க வேண்டிய அவசியமில்லை.

ஐப்பசியில் செடிகளின் கிளைகளை வெட்டிவிட்டு எரு வைத்தார். கார்த்திகை பிறந்ததும் அக்காவைக் கூப்பிட்டு, “ரெண்டு கதவும் மூடியே இருக்கட்டும்” என்றார்.

“ஊட்டக் கட்டிட்டு கதவ மூடி வெச்சா எப்பிடி? எதுக்குன்னு சொல்லேன்.”

“மூடி வையி. அப்பால தெரியும்.”

அந்த இடத்தில் நானும் இருந்தேன். முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தேன். இன்று நினைத்தாலும் அந்த முறத்தைத் தூக்கி அவர்மேல் எறிந்து, சொல்லித் தொலையுமய்யா என்று கத்தலாம் போலிருக்கிறது.

மார்கழி வந்தது. மாமாவுக்கு மாதம் முழுக்க இராத்திரி ஷிப்ட். அக்கா விடியுமுன் எழுந்து, தன் வீட்டு வாசலைத் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு, கண்ணாடி வீட்டுக்குப் போவாள். மார்கழி விடியலில் ஒரு வீட்டின் வாசல் சாத்திக் கிடக்கலாமா? எந்த வீட்டுப் பெண் பொறுப்பாள்? அதிலும் முறை இருக்கிறதல்லவா, அதை எங்கள் அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் அடித்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். முதலில் பின்கதவைத் திறக்க வேண்டும், மூதேவி வெளியே போக. பிறகு முன்கதவைத் திறக்க வேண்டும், சீதேவி உள்ளே வர. அப்படியே இரண்டையும் விரியத் திறந்து வைத்து, கிழக்கு வாசலில் கோலம் போட்டு, சாண உருண்டையில் பூசணிப்பூ சொருகி, விளக்கேற்றி, சாம்பிராணி காட்டி, சூரியன் தெரிந்த பிறகு பக்தியாக இரண்டு கதவையும் மூடிவிட்டு வருவாள். புருஷன் சொன்ன சொல்லையும் காப்பாற்றினாள், வீட்டு முறையையும் காப்பாற்றினாள். அவள் மேல் என்ன குறை சொல்ல முடியும்?

மாமா காலை வண்டியில் வந்து இறங்குவார். நேரே கண்ணாடி வீட்டுக்குப் போய் டிரம்மின் மேல் உள்ளங்கையை வைப்பார். ஜில்லென்று இருக்கும். கையை எடுக்காமலே நிற்பார். பிறகு ஜன்னல் கண்ணாடிக்குப் பூசுகிற பட்டியைப் பிசைந்துகொண்டு வந்து இடுக்குகளை அடைப்பார். மறுநாளும் ஜில். சாக்குத் துணியைக் கிழித்துக் கூரைச் சந்துகளில் திணித்தார். அதற்கும் மறுநாள் ஏணி போட்டு ஏறித் தார் பூசினார். தூக்கம் கிடையாது. இராத்திரி பாய்லர், பகலில் ஏணி. கண்ணெல்லாம் சிவந்து, தாடி மண்டிக் கிடந்தது. எந்த ஓட்டை வழியாகச் சூடு போகிறது என்று அந்த வீட்டை விரலால் தடவித் தடவித் தேடினார். அவர் அடைத்த ஓட்டையில் எறும்பு நுழைய முடியாது. “ராத்திரி கதவ யாராவது தொறந்தீங்களா?” என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டிருக்கலாம். காரணம் சொல்லாதவருக்குக் கேள்வி கேட்கவும் வரவில்லை.

செடிகள் துளிர்த்தன. மொட்டுகூட வைத்தன. ஆனால் அரிசி மணி அளவுக்கு வந்ததும் சிவந்து, கருகி, உதிர்ந்தன. அக்கா அதைப் பார்த்துவிட்டுச் சாம்பிராணியைக் கூட்டினாள். இன்னும் சீக்கிரம் எழுந்து கதவைத் திறந்தாள்.

போகிக்கு முன்னால் ஒரு நாள். பாய்லரைக் கழுவுவதற்காக நிறுத்திவிட்டார்களாம், மாமா கும்மிடிப்பூண்டிப் பக்கம் வந்த ஏதோ லாரியைப் பிடித்து விடியுமுன்பே வந்துவிட்டார். நான் என் வாசலை முடித்துக்கொண்டு அக்கா கோலத்தைப் பார்க்கலாம் என்று அங்கே போயிருந்தேன். கண்ணாடி வீடு கிழக்கும் மேற்குமாகத் திறந்து கிடந்தது. பனி இந்த வாசலில் நுழைந்து அந்த வாசலில் போய்க்கொண்டிருந்தது. விளக்குச் சுடர் ஒரு பக்கமாகவே சாய்ந்து எரிந்தது. மாமா வரப்பில் டிபன் கேரியரோடு நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அக்கா நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். கையெல்லாம் மாவு. “இன்னா, இம்மாம் சீக்கிரமா வந்துட்ட? தோ பாரு, இன்னிக்குத் தாமர போட்ருக்கேன். தெனமும் இங்கதான் மொதல்ல வெளக்கேத்தறேன். சீதேவி கண்ண தொறக்காமயா பூடுவா?”

அவர் கோலத்தைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். அந்தக் கோடி கதவைப் பார்த்தார். முகத்தில் இரத்தமே இல்லை. உடம்புக்கு ஏதோ என்றுதான் நான் நினைத்தேன்.

“கோலம் நல்லாருக்கு” என்றார்.

கோலத்தை மிதிக்காமல் தாண்டி உள்ளே போனார். டிரம்மைத் தொடக்கூட இல்லை. மேற்குக் கதவைப் போய்ச் சாத்திவிட்டு, கிழக்குப் பக்கம் வந்து, அக்கா விளக்கை எடுத்துக்கொள்ளும்வரை காத்திருந்து அந்தக் கதவையும் சாத்தினார். அன்றைக்கு ஏணியை எடுக்கவில்லை. படுத்து, சாயங்காலம் வரை தூங்கினார்.

பொங்கல் கழிந்த மறுநாள் சித்தப்பா வீட்டு முற்றத்தில் பங்காளிகள் கூடினார்கள். கம்பெனி ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பூத்திருந்தது ஒரே ஒரு செடி. வடக்குச் சுவர் நடுவில், இரண்டு டிரம்முக்கு இடையில் காற்றுப் படாமல் ஒதுங்கி நின்ற செடி. ஒரு கைப் பூ. அதை அக்கா தலையில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

சித்தப்பாவுக்கு அந்தப் பூவைப் பார்த்ததும் மனசு ஆடிவிட்டது. அவரும் விவசாயிதானே. “டேய், தையில மல்லி பூத்துதான் கீது. பொய் இல்ல. அப்ப மத்த செடிங்க ஏன் பூக்கல? காரணம் இருக்குமில்ல? அதச் சொல்லு. இன்னா கோளாறுன்னு சொல்லிட்டீன்னா, அடுத்த தை வரைக்கும் நானே இவங்களப் பொறுக்கச் சொல்றேன்.”

எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார்.

“சொல்லு நைனா. உன் வாயால ஒரு காரணம்.”

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. அத்தனை ஆண்களுக்கு நடுவில், முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு முன்னால் வந்தாள். “இன்னாய்யா மனுசன் நீ! நெலம் போவுது, அப்பவும் வாயத் தொறக்க மாட்டியா? அவரே எறங்கி வந்து கேக்கறாரு. சொல்லேன்! இன்னாத்தால பூக்கலன்னு சொல்லேன்!”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். தலையில் இருந்த பூவைப் பார்த்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது. “தெரியல” என்றார்.

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வாய் செத்தவன், இவனுக்கெல்லாம் நிலம் எதற்கு என்று யாரோ சொன்னார்கள். நானும் அன்றைக்கு அதைவிட மோசமாகத் திட்டினேன், வீட்டுக்கு வந்து.

ஜன்னல்களைக் கழற்றி வந்த விலைக்குக் கொடுத்தார்கள். தேக்கு நிலை ஒன்றை மட்டும் அக்கா விடவில்லை, தன் வீட்டுக் கொல்லைப்புறத்துக்கு வைத்துக்கொண்டாள். தோட்டம் இருந்த இடத்தில் சுவர் எழும்பி, கூரை வந்து, கம்பெனிச் சங்கு ஊத ஆரம்பித்தது. அந்தச் சங்குச் சத்தத்துக்குத்தான் நான் பிறகு சோறு வடித்தேன்.

எனக்கு அந்தக் கதவு விளங்கியது சில வருடங்கள் கழித்து, வேறொரு மார்கழியில். என் சின்ன மகளுக்கு மார்ச்சளி. நான் விடியலில் வழக்கம்போலக் கொல்லைக் கதவையும் வாசல் கதவையும் திறந்தேன். என் வீட்டுக்காரர் பாயிலிருந்து கத்தினார், “அறிவிருக்கா? ராவெல்லாம் அடச்சு வெச்ச சூடு ஒரு நிமிசத்துல பூட்ச்சு. கொயந்த நடுங்குது பாரு!” நான் கோலமாவுக் கிண்ணத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மகளை விட்டுவிட்டு இவள் எதற்கு அழுகிறாள் என்று அவருக்குப் புரியவில்லை.

பொழுது விடிந்ததும் வேலியைத் தாண்டிப் போனேன். மாமா கொல்லையில் சவரம் செய்துகொண்டிருந்தார். அக்கா உள்ளே அடுப்பில். குரலைத் தாழ்த்தி, “மாமா, கதவுதானே?” என்றேன்.

அவர் கை நின்றது. கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு கண் அடுப்படிப் பக்கம் போய் வந்தது.

“அன்னிக்கு உங்க சித்தப்பா கேட்டாரே மாமா. சொல்லியிருந்தா நெலம் நின்னிருக்குமே.”

“எல்லாரும் இருந்தாங்க” என்றார். சவரக்கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “மொதல்லயே சொல்லியிருக்கணும். நாந்தான் சொல்லல” என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே காரணம் அதுதான். அவர் குரல் உடைந்ததையும் அன்றுதான் கேட்டேன். சோப்பு நுரையோடு முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார்.

அக்கா காபியோடு வந்தாள். “இன்னா ரெண்டு பேரும் குசுகுசுன்னு?”

“இருக்கட்டும்” என்றார் மாமா.

அவர் போய்ப் பல வருடமாகிறது. அக்கா இருக்கிறாள், கண் சரியாகத் தெரியாது, மார்கழி மட்டும் எப்படியோ தெரிந்துவிடுகிறது. அந்தத் தேக்கு நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மார்கழியும் தவறாமல் ஆரம்பிப்பாள். “ஏன்டி, அந்தக் கண்ணாடி ஊட்டுக்கு நான் இன்னா கொற வெச்சேன்? ஒரு நாளு தவறாம விடியக்கால எழுந்து, ரெண்டு கதவையும் விரியத் தொறந்து வெச்சுக் கோலம் போட்டேனே. ஏன்டி பூக்கல? அந்த மனுசன் கடைசி வரைக்கும் சொல்லாமயே பூட்டாரு. உனக்காவது தெரியுமா?”

வாயில் என்ன கொழுக்கட்டையா என்று அவரைக் கேட்டவள் நான். ஊரில் என்னைப்போல வாயாடி கிடையாது. பதில் தொண்டை வரைக்கும் வந்து நிற்கிறது. அக்கா பார்வை மங்கிய முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருக்கிறாள்.

“உன் கோலம் நல்லாருந்துச்சிக்கா” என்கிறேன்.